முத்து வைத்த தொப்பி

கம்பளித் தொப்பி பின்னுவது என்று நான் முடிவெடுத்த அன்று ஒரத்தநாட்டில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. பனியனைக் கழற்றி வீசிவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தேன்.

“ரோஸ்லின்! நான் பின்னப் போறேன்!”

“முதல்ல பனியனைப் போடுங்க. எதிர் வயல்ல நடவு நடுறவங்க எல்லாம் பாக்குறாங்க” என்றாள் என் மனைவி.

பெரிய முடிவுகளுக்கு எங்கள் வீட்டில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

நான் அடைக்கலராஜ். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊருக்குள் மாட்டு டாக்டர். எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் என்ன ஏது என்று துருவித் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன். பக்கத்து வீட்டில் குக்கர் கத்தினால், உள்ளே வேகிறது பருப்பா கறியா என்று தெரிந்தாக வேண்டும். இந்தக் குணத்தை நான் அறிவுத் தாகம் என்கிறேன். ரோஸ்லின் வேறு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுத முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒரே மகள் ரெஜின் அயர்லாந்தில் நர்ஸ். அவளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை ஜெரால்ட் தங்கமான பிள்ளை. “ஞானஸ்நானப் பேரை எங்க வீட்டுல வச்சிக்கிறோம் மாமா. கூப்பிடுற பேரை நீங்களும் அத்தையும் பேசி முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டார். நானும் ரோஸ்லினும் பேசி ஒன்றை முடிவு பண்ணியதாக வரலாறே கிடையாது என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

“எங்கப்பா பேரு. சவரிமுத்து. இதுல பேச்சே இல்லை” என்றேன், வீடியோ காலில்.

“எங்கம்மா பேருதான் வைக்கணும்” என்றாள் ரோஸ்லின்.

“சகாயம்மாளா? அயர்லாந்துக்காரன் வாயில அது நுழையுமா?”

“சவரிமுத்து மட்டும் வழுக்கிக்கிட்டுப் போயிடுமாக்கும்! சரி, பொண்ணாப் பொறந்தா என்ன பண்ணுவீங்க?”

“சவரியம்மாள்.”

“எதுக்கு? கொண்டையில வச்சுப் பின்னிக்கவா?”

நான் சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. அப்பா பெயரை மகனுக்கு வைக்கலாம் என்று காத்திருந்தேன். மகன் பிறக்கவில்லை. மகளுக்காவது எப்படியாவது முடிச்சுப் போடலாம் என்று பார்த்தால், ரோஸ்லின் முந்திக்கொண்டு ரெஜின் என்று வைத்துவிட்டாள். இந்தத் தடவையும் விட்டால் அப்பா பெயர் கல்லறைக் கல்லோடு நின்றுவிடும்.

ரெஜினுக்குப் பொறுமை போய்விட்டது. “இங்க பாருங்க ரெண்டு பேரும். இங்க பொறந்த குழந்தைக்குக் கம்பளித் தொப்பி போடணும். பேட்டர்ன் அனுப்புறேன். யார் பின்னின தொப்பி குழந்தை தலையில கச்சிதமா உக்காருதோ, அவங்க சொல்றதுதான் பேரு. இனிமே எனக்குப் போன் பண்ணிச் சண்டை போடாதீங்க” என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

நான் ரோஸ்லினைப் பார்த்தேன். அவள் முகம் வாடியிருந்தது.

“எனக்கு ஒயர் கூடை போடத்தாங்க தெரியும். இதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும். நீங்க படிச்சவரு. முதல்ல நீங்க பின்னுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்” என்றாள்.

எதிரி முதல் நாளே ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து நூலும் ஊசியும் வாங்கப் பக்கத்து வீட்டு சேக் தாவூது பாய் கடைக்குப் போனேன். கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார்.

“பின்னல் ஊசி ரெண்டு செட்டு வரவழைச்சேன் சார். ஒண்ணு நேத்தே போயிடுச்சு” என்றார்.

“நம்ம ஊர்ல வேற யாரு பாய் பின்றது?”

“சில பேரு பின்னிப் பெடலெடுக்குறாங்க சார். நீங்க நூல் என்ன கலர்ல பாக்குறீங்க?”

இளநீலத்தைக் காட்டினார். நான் நூலில் விழுந்தேன், கேள்வி நழுவிவிட்டது.

பேட்டர்னை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ரோஸ்லின் முருங்கைக்கீரையோடு எதிரில் உட்கார்ந்தாள்.

“முதல் வரியிலேயே காஸ்ட் ஆன்னு இருக்கு” என்றேன்.

“அங்கேயுமா காஸ்ட் பாக்குறாங்க?”

“கடைசி வரியில காஸ்ட் ஆஃப்.”

“பரவாயில்லையே, கடைசியிலயாவது விட்டுர்றாங்களே.”

காஸ்ட் ஆன் என்றால் ஊசியில் கண்ணிகளை ஏற்றுவது என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடுத்து நிட். அதையும் பார்த்தேன். நிட் முடிவதற்குள் நெட் முடிந்துவிட்டது. மிச்சத்தை மூளையால் பார்த்துக்கொள்ளலாம் என்று தாளுக்குத் திரும்பினேன். கே ஒன்று, பி ஒன்று, கே ஒன்று, பி ஒன்று என்று வரி முழுக்க ஓடியது. கே என்றால் நிட் என்று கீழே போட்டிருந்தது. பி என்றால் பி, யூ, ஆர், எல்.

எனக்குச் சிரிப்பு வந்தது.

“எழுத்துப் பிழை ரோஸ்லின். ‘இ’, ‘ஏ’ ரெண்டையும் முழுங்கிட்டு நடுவுல யூவைச் செருகியிருக்கான். அது பேர்ல்.”

“பேர்லன்னா? யார் பேர்ல?”

“யார் பேர்லயும் இல்ல. பேர்ல்! முத்து! ஒரு கண்ணி பின்னணும், ஒரு முத்து வைக்கணும். மறுபடி ஒரு கண்ணி, ஒரு முத்து.”

“பச்சைப்புள்ளை தொப்பிக்கா?”

“அயர்லாந்து என்ன நம்ம ஊரா? அங்கெல்லாம் அப்படித்தான்.”

“நல்லாப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். பிழை திருத்துகிறவனிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது?

பாயிடம் மறுபடி போய் முத்து கேட்டேன். “குழந்தைத் தொப்பிக்கு முத்தா சார்?” என்றார். அயர்லாந்து என்றேன். “அப்ப பெரிய சைஸாவே எடுத்துக்குங்க” என்றார். அவர் நல்ல மனுஷர். வியாபாரமும் நல்ல வியாபாரம்.

அளவுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, “பொறந்த புள்ளை தலை ஒரு தேங்காய் அளவு இருக்குங்க” என்றாள் ரோஸ்லின். கொல்லையில் காலையில்தான் தேங்காய் பறித்துப் போட்டிருந்தார்கள். கையில் கிடைத்ததை எடுத்துவந்து முன்னால் வைத்துக்கொண்டேன். வேர்த்து விறுவிறுத்து, மடியில் கம்பளி, கழுத்தில் ஈரத்துண்டு என்று உட்கார்ந்து பின்னி முடித்துத் தேங்காய்க்கு மாட்டினேன். என்ன பொருத்தம்! ரெஜினுக்குப் போன் போட்டுக் காட்டினேன்.

முதலில் ஃபோன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு மாப்பிள்ளை சிரிக்கிற சத்தம்.

“அப்பா... மட்டை உரிக்காத தேங்காய்ப்பா அது! எனக்கு என்ன யானைக்குட்டியா பொறக்கப் போகுது? அதென்ன மேல பூரா குண்டு குண்டா?”

“பேர்ல்.”

“அய்யோ, அது பர்ல் அப்பா! முத்தும் இல்ல, மண்ணும் இல்ல. நூலை முன்னால கொண்டுவந்து போடுற கண்ணி. நீங்க பின்னின கண்ணியைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் தெரியுதுல்ல? அதுதான் பர்ல்.”

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஃபோனை வைத்ததும் நான் தொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். முத்து வைக்காத இடத்தில் முன்பக்கம் நாற்று மாதிரி இரண்டு காலோடு நிற்கிற கண்ணி, பின்பக்கம் சின்னதாக உருண்டு முத்து மாதிரியே இருந்தது. மறுபடி திருப்பினேன். மறுபடி நாற்று. எனக்குச் சாப்பாடு மறந்துபோனது.

“ரோஸ்லின், இங்க வாயேன்! ரெண்டும் ஒரே கண்ணிதான்டி! இந்தப் பக்கம் பாத்தா நிட், அந்தப் பக்கம் பாத்தா பர்ல். பாக்குறவன் எங்க நிக்கிறானோ அதுதான் பேரு!”

“அப்படியா!” என்று தொப்பியை வாங்கி இரண்டு பக்கமும் ரொம்ப நேரம் பார்த்தாள். “நல்லாச் சொல்றீங்க. வாத்தியாராப் போயிருக்கலாம் நீங்க” என்றாள். எங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயால் வந்த முதல் பாராட்டு. “இதைப் பிரிச்சு நூலை உருட்டி வைக்கிறேன். வீணாப் போகக் கூடாதுல்ல” என்று எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது தொப்பிக்குத் தேங்காயை உரித்துக்கொண்டேன். இந்தத் தடவை பாதியில் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவியது. கிடக்கட்டும் என்று விட்டேன். எதிர் வயலில் அதைத்தானே செய்கிறார்கள்? ஒரு குத்து நாற்று விட்டுப்போனால் நடவு முடிந்தபிறகு போய்ச் செருகிக்கொள்வார்கள். கம்பளி அப்படி இல்லை. தொப்பியை ஆட்டிப் பார்த்தேன். அந்த ஒரு கண்ணி அதற்குக் கீழே இருந்ததை அவிழ்த்தது, அது அதற்குக் கீழே இருந்ததை அவிழ்த்தது. ஏணிப்படி மாதிரி அடி வரைக்கும் கடகடவென்று இறங்கிவிட்டது.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘அட! எப்படி இறங்குது பாரேன்!’ என்று இன்னொரு கண்ணியை வேண்டுமென்றே நழுவவிட்டுப் பார்த்தேன். அதுவும் இறங்கியது. ரோஸ்லினின் கொண்டை ஊசியை உருவி, அடியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கொக்கி போட்டு ஏற்றினேன். ஏறியது! மறுபடி இறக்கினேன், ஏற்றினேன். ரோஸ்லின் பாதி உரித்த வெங்காயத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

“அப்ப நழுவினா உடனே பிடிச்சுரணும்?”

“உடனே. ஒரு வரிசை தாண்டக் கூடாது.”

“எந்தப் பக்கத்துலேர்ந்து கொக்கி போடணும்?”

“முன்பக்கத்துலேர்ந்து. இப்படி.”

“இன்னொரு தடவை காட்டுங்க.”

காட்டினேன். கேட்க ஆள் இருந்தால் நான் விடியவிடியச் சொல்வேன்.

அந்தத் தொப்பி வேறு விதமாகக் கெட்டது. ‘ஸ்டார் முதல் ஸ்டார் வரை திரும்பச் செய்க’ என்று போட்டிருந்தான். நானும் ஸ்டாரிலிருந்து ஸ்டார் வரை திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருந்தேன். எங்கே நிறுத்துவது என்பது பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும். நான் திருப்பவில்லை.

“ஏங்க, நம்ம வீட்டுல டிசம்பர்ல ஒரு ஸ்டார் கட்டுவோம், அடுத்த டிசம்பர்ல ஒரு ஸ்டார் கட்டுவோம். அந்த ஸ்டார்லேர்ந்து இந்த ஸ்டார் வரைக்குமா பின்றீங்க?” என்றாள் ரோஸ்லின். தூக்கிப் பார்த்தேன். தலையணைக்கு உறையாகப் போடலாம். அதையும் பிரித்து உருட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது தொப்பியில் உச்சியைக் குறைக்கிற இடம் வந்தது. கே டூ டாக் என்று போட்டிருந்தது.

“டாக்னா நாய். ரெண்டு நாய்க்கு இங்க என்ன வேலை?” என்றேன். மாட்டு டாக்டர் புத்தி.

“டுகெதரா இருக்குமோ என்னவோ. ரெண்டு கண்ணியை ஒண்ணாச் சேத்துப் பின்னச் சொல்றான் போல” என்றாள் ரோஸ்லின், வாசலில் கோலப்பொடி டப்பாவைத் தேடிக்கொண்டே.

இங்கிலீஷ் தெரியாதவள் இதை எப்படிச் சொன்னாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் செய்து பார்த்தேன், சரியாக வந்தது. சரியாக வந்துவிட்டால் யார் யோசிக்கிறார்கள்?

நடுவில் ஒரே ஒரு சந்தேகம் வந்தது. சாயங்காலமானால் ரோஸ்லின் பாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். பாய் சம்சாரம் ஷம்சாத்தும் இவளும் அப்படி என்னதான் பேசுகிறார்கள்? அறிவுத் தாகம் தாங்காமல் சுற்றுச்சுவர் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் மடியிலும் முறம். முறத்தில் புளி. ஷம்சாத் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “வாங்கண்ணே, கொட்டை எடுக்க வர்றீங்களா?” என்றார். அவ்வளவுதான், திரும்பிவிட்டேன். முறத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அந்த முறத்தை நான் மன்னிக்கவில்லை.

மூன்றாவது தொப்பி வெற்றி. ஒரு கண்ணி பிசகவில்லை. உரித்த தேங்காயில் மாட்டினால் அப்படியே உட்கார்ந்தது. பால்காரரிடம் மாட்டிக் காட்டினேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் காட்டினேன். கோயிலிலிருந்து வந்த அன்பிய ஜெபக்குழு நிர்வாகிகள் உட்கார்ந்த கையோடு காட்டினேன். மாட்டுவேன், கழற்றுவேன், மறுபடி மாட்டுவேன். ரோஸ்லின் தடுக்கவே இல்லை. “அவங்களுக்கும் காட்டுங்க, இவங்களுக்கும் காட்டுங்க” என்று ஆள் பிடித்துக் கொடுத்தாள். கடைசியில் பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாயோடு அவளே பார்சல் கட்டி அனுப்பினாள்.

குழந்தை பிறந்தது. பெண். வீடியோ காலில் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு முகம் தெரிந்தது. ரெஜின் என் தொப்பியை எடுத்து மாட்டினாள். அது தலையில் உட்கார்ந்தது, பிறகு நெற்றிக்கு இறங்கியது, கண்ணை மூடியது, மூக்கில் போய் நின்றது. என் பேத்தி தும்மினாள்.

“நாள் பூரா தேங்காய்ல மாட்டி மாட்டி இழுத்தா நூல் தளராதா?” என்றாள் ரோஸ்லின் மெதுவாக. பிறகு, “ரெஜின், பருப்புப்பொடிக்கு அடியில ஒரு கவர் இருக்கும் பாரு” என்றாள்.

கவரிலிருந்து வந்தது இன்னொரு தொப்பி. அதே இளநீலம். நான் கெடுத்த நூல்! ரெஜின் மாட்டினாள். பிறக்கும்போதே போட்டுக்கொண்டு பிறந்த மாதிரி இருந்தது.

“நீ எப்போடி பின்னினே?”

“ஷம்சாத் வீட்டுல. ஊசி பாய்கிட்ட முன்னாடியே வாங்கிட்டேன்.”

“உனக்குப் பேட்டர்ன் புரியாதுன்னியே!”

“புரியாதுதான். நீங்கதான் ஒவ்வொரு தப்பா பண்ணி, ஏன் தப்புன்னு உக்காந்து விளக்கமாச் சொன்னீங்களே. அதையெல்லாம் விட்டுட்டுப் பாக்கியைப் பின்னினேன். அளவுக்கு மட்டும் தேங்காய் வேண்டாம்னு என் முழங்கால்ல போட்டுப் பாத்துக்கிட்டேன்.”

அப்பா பெயர் போயிற்று. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ரோஸ்லின் என்னை ஒருதடவை பார்த்தாள். பிறகு ஃபோனைப் பார்த்துச் சொன்னாள்.

“பேர்ல்னு வை.”

“அம்மா! அப்பா பண்ணின கூத்தையேவா?” என்று சிரித்தாள் ரெஜின். “நல்லாத்தான்மா இருக்கு. இங்கேயும் கூப்பிட வரும்.”

எனக்குச் சுரீர் என்று உறைத்தது. பேர்ல்! முத்து! சவரிமுத்து!

“ரோஸ்லின்! எங்கப்பா பேரு!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஜெயிச்சும் எனக்கு விட்டுக்குடுத்துட்டியே!”

“நீங்க சொன்னா சரிதாங்க” என்றாள்.

நான் உருகிப்போனேன். அன்றைக்கே ஜாங்கிரி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன். பாய் கடையில் கூட்டமாக இருந்தது. அங்கேயும் நீட்டினேன்.

“பேத்தி பேரு என்ன சார்?”

“பேர்ல்.”

“பேரைத்தான் கேக்குறேன். என்ன வச்சிருக்கீங்க?”

“பேர்ல் பாய்!”

“பேர்லதான் சார், என்ன பேர்ல?”

“எங்கப்பா பேர்ல பேர்ல்!” என்று கத்தினேன். பாய் இரண்டாவது ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு பேச்சை முடித்தார்.

பெட்டி காலியாகி வீட்டுக்கு வந்தால், கொல்லைப்பக்கம் ரோஸ்லின் அவள் அண்ணனோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றேன். சொன்னேனே, வியாதி.

“ஆமாண்ணே, அம்மா பேருதான்... முத்துமேரி, அதான் பேர்ல்... இவரா? இவரு அவங்கப்பா பேருன்னு ஊரெல்லாம் ஜாங்கிரி குடுத்துக்கிட்டு இருக்காரு. குடுக்கட்டும் விடுங்க, சந்தோஷமா இருக்காரு.”

நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

“அத்தை பேரு சகாயம்மாள்தானே?”

“அது ஊர் கூப்பிட்ட பேருங்க. ஞானஸ்நானப் பேரு முத்துமேரி.”

“இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் சொல்லலையே!”

“ஊர்ல எந்த வீட்டுக் குக்கர்ல என்ன வேகுதுன்னு கேக்குறீங்க. மாமியார் பேரு என்னன்னு ஒருநாள் கேட்டிருக்கீங்களா?”

“இது மோசடி ரோஸ்லின்.”

“என்ன மோசடி? நீங்கதானே சொன்னீங்க, ஒரே கண்ணிதான், பாக்குறவன் எங்க நிக்கிறானோ அதுதான் பேருன்னு? முன்பக்கம் பாத்தா உங்கப்பா. பின்பக்கம் பாத்தா எங்கம்மா.”

நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

“அதுவுமில்லாம, நம்ம கல்யாணத்துக்குக் கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிச்சாங்களே. மணமகளின் தாய் முத்துமேரின்னு சாமியார் மைக்குலதான் படிச்சாரு. நீங்க முன்வரிசையிலதானே உக்காந்திருந்தீங்க?”

ஒரு புருஷனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. குரலைக் குழைத்துக்கொண்டேன்.

“எங்க காதுல விழுந்துது? அந்த மூணு வாரமும் நான் பொம்பளைங்க பக்கத்துல பச்சைப் புடவையில உக்காந்திருந்த உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

ரோஸ்லின் ஃபோனைக் கீழே வைத்தாள்.

“ஓலை வாசிக்கிற மூணு வாரமும் எங்கம்மா என்னைக் கோயிலுக்கே அனுப்பலைங்க. அந்தப் பச்சைப் புடவை எங்க அக்கா.”